பச்சரிசிக்கு ஒரு பை, புழுங்கலுக்கு ஒரு பை

அம்மா கர்த்தருக்குள் இளைப்பாறச் சென்று ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பாதிப் பேர் வீட்டிலாவது எங்கள் வீட்டுப் பாத்திரம் ஒன்று இருக்கும் என்று நினைக்கிறேன். குழம்போ பலகாரமோ அம்மா கொடுத்தனுப்பி, திரும்பி வராமல் போன பாத்திரம். தயவுசெய்து தேடி எடுத்துத் தர வேண்டாம். அம்மா இருந்தபோதே கேட்டதில்லை.

அம்மா பிறந்தது திருச்செந்தூர் பக்கம், தேரிச் செம்மணலை ஒட்டிய ஒரு சிற்றூரில். தகப்பனார் அந்த ஊர்க் கோவிலில் உபதேசியாராக இருந்தவர். தாயாரைச் சிறு வயதிலேயே இழந்ததால் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, இரண்டு தம்பிகளையும் அம்மாதான் வளர்த்தார்கள். அந்த மாமாக்கள் இருவரும் இன்றும் அம்மாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பாதியில் எழுந்து வெளியே போய்விடுகிறார்கள்.

அப்பாவுக்கு ஹைதராபாத்தில் புதிதாகத் தொடங்கிய அரசுத் தொழிற்சாலை ஒன்றில் லேத் இயந்திரத்தில் டர்னர் வேலை கிடைத்ததும் திருமணம் நடந்தது. மாரெட்பள்ளியில் ஒரு வீட்டின் பின்பகுதியில் இரண்டு அறை. அப்பா விடியற்காலை தொழிற்சாலை பஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். அம்மா தையல் மிஷின் ஒன்று வாங்கி, அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்தார்கள். துணி கொண்டு வந்தவர்களிடமே தெலுங்கும் உருதுவும் கற்றுக்கொண்டார்கள். கற்றுக்கொண்டார்கள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மூன்று மொழியையும் ஒரே வாக்கியத்தில் போட்டுப் பேசுவார்கள், எல்லோருக்கும் புரிந்துவிடும். கோவிலில் பாட்டும் அப்படித்தான். ராகம் எங்கே போனாலும் அம்மாவின் குரல் தன் வழியில் போகும்.

கொடுப்பது அம்மாவுக்குக் கடமையாக இருந்ததில்லை, ஆசையாக இருந்தது. எனக்கு வாங்கிய புது மழைக்கோட்டு முதல் மழைக்கு முன்பே வேறொரு பெண்ணின் தோளில் போயிற்று. அப்பாவின் ஸ்வெட்டர் ஒரு ரிக்‌ஷாக்காரர் உடம்பில் எங்கள் தெருவிலேயே இரண்டு குளிர்காலம் வலம் வந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அப்பா, "அவருக்குத்தான் அளவு சரியா இருக்கு" என்பார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்து செய்தால் தெரு முழுக்கப் போய், கடைசியில் எங்களுக்கு உடைந்ததுதான் கிடைக்கும்.

ஆனாலும் அம்மாவின் வாழ்க்கையில் நான் முக்கியமாக நினைப்பது அரிசியைத்தான். எங்கள் தமிழ்ச் சபையில் ஒரு வழக்கம் உண்டு, பலருக்குத் தெரிந்திருக்கும். பெண்கள் உலை வைக்கும்போது முதலில் ஒரு கைப்பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தனியே போட்டுவிட்டு, அதற்குப் பிறகே வீட்டுக்கு அளப்பார்கள். அம்மா அதைப் பழைய பால் பவுடர் டின் ஒன்றில் போட்டு வந்தார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அதைக் கோவிலுக்குக் கொண்டு போனால், எல்லா வீட்டு அரிசியும் ஒரே சாக்கில் கொட்டப்படும். பெண்கள் சங்கத்தார் அதை, கஷ்டப்படும் ஒன்றிரண்டு வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். எந்த வீடு என்று வெளியே சொல்வதில்லை. சங்கத் தலைவி எஸ்தர் பெரியம்மாவோடு ரிக்‌ஷாவில் போய் அரிசி கொடுத்துவிட்டு வருகிற ஞாயிறுகளில் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். கல்யாண வீட்டுக்குப் போய் வந்தவர்களைப் போல இருப்பார்கள்.

அறுபதுகளின் நடுவில் அரிசித் தட்டுப்பாடு வந்தது. ரேஷனில் கோதுமையும் சோளமும்தான் கொடுத்தார்கள். அந்த நேரம் பார்த்து அப்பாவுக்கு மஞ்சள் காமாலை கண்டது. அதற்கு முன்பே ஊரில் பாட்டனாரின் அடக்கத்துக்குப் போய் விடுப்பையெல்லாம் செலவழித்திருந்ததால், சம்பளமில்லாமல் படுத்திருந்தார்கள். தைக்கக் கொடுப்பவர்களும் குறைந்துபோனார்கள். பஞ்ச காலத்தில் யார் புது ரவிக்கை தைப்பார்கள்? எனக்கும் தங்கைக்கும் சோள ரொட்டி. இருக்கிற கொஞ்சம் அரிசி அப்பாவின் கஞ்சிக்கு. அந்தக் கஞ்சிக்கு எடுக்கும்போதும் டின்னில் ஒரு பிடி விழுந்தது. பிடி சிறுத்திருந்தது, அவ்வளவுதான்.

முதல் ஞாயிறு வந்தது. அம்மா டின்னோடு கோவிலுக்குப் போய், அதைச் சாக்கில் கொட்டிவிட்டு வந்தார்கள். அன்று மத்தியானம் எஸ்தர் பெரியம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். கையில் ஒரு பை.

அம்மாவுக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. வாசலை மறித்துக்கொண்டு நின்றார்கள்.

"அக்கா, வீடு மாறி வந்துட்டிய."

"வீடு சரியாத்தான் வந்திருக்கேன்."

"எங்களுக்கு எதுக்கு? இத விடக் கஷ்டப்படுதவங்க எத்தன பேரு இருக்காங்க. அவங்களுக்குக் கொண்டு போங்க."

"எங்களுக்குத் தெரியாதா? பேசித்தான் கொண்டு வந்திருக்கு."

அம்மா நகரவில்லை. முகம் சிவந்து, கண் கலங்கிவிட்டது. அன்று வரை அம்மா யாரிடமும் எதையும் வாங்கி நான் பார்த்ததில்லை. ஊரில் தாயில்லாப் பிள்ளைகள் என்று யாரும் பரிதாபப்பட்டுவிடக் கூடாது என்று சின்ன வயதிலேயே பழகிய பழக்கமாக இருக்கலாம். எனக்கும் தங்கைக்கும் பயம். அந்தப் பை திரும்பிப் போய்விடுமோ என்ற பயம்தான், வேறென்ன. தங்கை பள்ளிக்கூட மொழியில் என் காதில், "சாவல் ஹை க்யா?", அரிசியா என்று கேட்டாள்.

எஸ்தர் பெரியம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். "போன மாசம் நீயும் நானும் பொல்லாரத்துல ஒரு வீட்டுக்குப் போனோம்லா? அந்த அம்மா வேண்டாம்னு கதவச் சாத்தியிருந்தா நீ என்ன செஞ்சிருப்ப?"

அம்மா, "அழுதிருப்பேன்" என்றார்கள்.

"அப்ப என்னைய அழ வைக்காத."

உள்ளே கட்டிலிலிருந்து அப்பா, "வாங்கிக்கோ" என்று ஒரே சொல் சொன்னார்கள். அம்மா வாசலை விட்டு விலகி, இரண்டு கையையும் நீட்டினார்கள்.

அன்று சாயங்காலம் உலை வைத்தார்கள். பல வீட்டு அரிசி ஒரே பையில் கலந்திருந்தது. தஞ்சாவூர்க்காரர் வீட்டுப் பச்சரிசி, எங்களைப் போன்றவர்கள் வீட்டுப் புழுங்கல், நடுவில் குருணை, கல். அம்மா கல் பொறுக்கி, வழக்கம்போல ஒரு பிடியை முதலில் டின்னில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைந்து உலையில் இட்டார்கள். புழுங்கல் வேகட்டும் என்று அடுப்பில் வைத்திருந்ததில் பச்சரிசி கூழாகிவிட்டது. புழுங்கலோ அப்போதும் வேகவில்லை. பாதி குழைந்து, பாதி பல்லில் நறுக்கென்று கடிபடும் சோறு. நாங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் சொல்லாமல் தின்றோம். அப்பா கஞ்சியாகக் குடித்துவிட்டு, "கோந்து நல்லா இருக்கு" என்றார்கள்.

அம்மா சிரிக்க ஆரம்பித்தார்கள். அப்பா படுத்ததிலிருந்து நாங்கள் கேட்காத சிரிப்பு. அடங்கியதும், "இத்தன நாளும் நாங்க குடுத்த அரிசி அவங்க வீட்டுலயும் இப்படித்தான வெந்திருக்கும்? பாவம், ஒருத்தரும் வாயத் திறந்து சொல்லலியே" என்றார்கள்.

அப்பா குணமாகி வேலைக்குப் போன மாதம் சங்கக் கூட்டத்துக்கு அம்மா என்னையும் அழைத்துப் போனார்கள். இரண்டு பை தைத்து எடுத்து வந்திருந்தார்கள். ஒன்றின் வாயில் சிவப்பு நூல், மற்றதில் நீல நூல். புழுங்கலைச் சிவப்பிலும் பச்சரிசியை நீலத்திலும் தனித்தனியாகக் கொட்ட வேண்டும், கல் பொறுக்கிக் கொண்டு வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். ஒரு மூத்த அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை.

"சும்மா வாங்குதவங்களுக்கு இந்த நறுவிசெல்லாம் எதுக்கு?"

எஸ்தர் பெரியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள். அம்மா அதற்குள் எழுந்துவிட்டார்கள். அரிசி எங்கள் வீட்டுக்கு வந்தது பெரியம்மாவையும் இன்னும் ஒன்றிரண்டு பேரையும் தவிர அங்கே யாருக்கும் தெரியாது. அம்மா சொல்லாமல் இருந்திருந்தால் கடைசிவரை தெரிந்தும் இருக்காது.

"நான் வாங்கியிருக்கேன் அக்கா. பொங்கித் தின்னும் பாத்திருக்கேன். அதனாலதான் சொல்லுதேன்."

அன்று முதல் இரண்டு பை.

அதற்குப் பிறகு அம்மா கொடுத்த விதமே மாறிவிட்டது. பிடி அரிசியை டின்னில் போடுவதற்கு முன் உள்ளங்கையில் பரப்பி, கல்லும் உமியும் பார்த்துப் பார்த்து எடுப்பார்கள். ஒரு வீட்டுக்குக் குழம்பு அனுப்பினால் அங்கே பல்லில்லாதவர் யார், காரம் ஆகாதவர் யார் என்று விசாரித்துவிட்டுத்தான் செய்வார்கள். நக்கோ, வேண்டாம் என்று யாராவது கூச்சப்பட்டால் வற்புறுத்தமாட்டார்கள். உட்கார்ந்து, தான் வாசலை மறித்த கதையைச் சொல்வார்கள். கேட்டவர்கள் சிரித்துவிட்டு வாங்கிக்கொள்வார்கள். அம்மா வேத வசனம் சொல்லி விளக்கியதே இல்லை.

எனக்கும் தங்கைக்கும் படிப்பு, வேலை, திருமணம் எல்லாம் தேவன் கிருபையால் நடந்தன. அப்பா ஓய்வு பெற்றார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொன்னபோது, "எனக்குக் குறையுதது டின்னுக்குப் போகட்டும்" என்று உடனே கணக்கை நேர் செய்துவிட்டார்கள். கடைசி மாதங்களில் சிறுநீரகமும் கெட்டது. வலியைப் பற்றி அதிகம் பேசவில்லை. பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சுப் பழம் கொடுத்தால் மறுக்காமல் இரண்டு கையாலும் வாங்கி, அவர்கள் முன்பாகவே ஒரு சுளையாவது வாயில் போட்டுக்கொள்வார்கள். மீதி பக்கத்துக் கட்டிலுக்குப் போகும். ஒரு காலை வேளையில், அப்பாவின் கை மேல் கை வைத்தபடியே அமைதியாகப் போய்விட்டார்கள்.

அம்மாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியருக்கும், அடக்க ஆராதனையை நடத்திய குருவானவருக்கும், பெட்டியைச் சுமந்த அப்பாவின் தொழிற்சாலை நண்பர்களுக்கும், மூன்று நாளும் எங்கள் அடுப்பை மூட்ட விடாமல் சாப்பாடு கொண்டு வந்த தெருவாருக்கும், ஊரிலிருந்து ரயிலேறி வந்த மாமாக்கள் குடும்பத்துக்கும் எங்கள் நன்றி.

இன்னொரு நன்றியும் உண்டு. அடக்கம் முடிந்த வாரம் பெண்கள் சங்கத்திலிருந்து இரண்டு இளம் பெண்கள் வந்தார்கள். அம்மா வாசலை மறித்த கதை தெரியாத வயது. எங்களுக்குக் குறையொன்றும் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். துக்க வீட்டுக்கு வெறுங்கையோடு வர மனமில்லாமல் அரிசி கொண்டு வந்திருந்தார்கள். இரண்டு பைகளில். ஒன்றின் வாயில் சிவப்பு நூல், மற்றதில் நீலம்.

நான் எழுந்திருக்கும் முன்பே அப்பா வாசலுக்குப் போய், இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார்கள். அடுப்பங்கரைப் பக்கம் ஒரு நாளும் வராதவர்கள், அன்று பைகளோடு உள்ளே வந்து அலமாரியைப் பார்த்தார்கள்.

"உங்கம்மா டின்னு எங்கட்டி?"

எடுத்துக் கொடுத்தேன். அப்பா சிவப்பு நூல் பையை அவிழ்த்து ஒரு பிடி அள்ளி, ஜன்னல் வெளிச்சத்தில் உள்ளங்கையை விரித்துக் கல் பார்க்கத் தொடங்கினார்கள்.