இடது பக்கத்து ஸ்பீக்கர்

புது டிவி வந்த அன்றைக்குத்தான் தேவராஜ் வீட்டு ஹோம் தியேட்டரின் வாய் அடைத்துப்போனது. டிவியைச் சுவரில் மாட்ட வந்தவர் அதன் முதுகுப்பக்கம் கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு, "சார், சிவப்பு, வெள்ளை பின் சொருகுற ஓட்டையே இதுல கெடையாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பழைய பெட்டிக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சிவப்பு, வெள்ளை ஒயர்கள்தான்.

தேவராஜுக்கு அறுபத்து மூன்று வயது. திருவேற்காட்டில் அவர் அப்பா கூலிக்கு நாற்று நட்ட வயல்களில் எல்லாம் இப்போது கட்டடம். அந்த வீட்டிலிருந்து முதன்முதலில் கம்பெனி வேலைக்குப் போனவர் தேவராஜ்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில் முப்பத்து நாலு வருஷம் தகடு அடித்தார். அந்த ஷெட்டுக்குள் பக்கத்தில் நிற்பவன் பேசுவதை உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். நாள் முழுக்க இரும்புச் சத்தத்தில் நின்றவருக்குச் சினிமாச் சத்தத்தின் மேல் ஏன் அப்படி ஒரு பைத்தியம் என்று அவர் மனைவி தாயம்மாவுக்கு இன்றுவரை விளங்கியதில்லை.

2006 தீபாவளிக்கு போனஸ் கையில் வந்ததும், பக்கத்து வீட்டுத் தங்கவேலைக் கூட்டிக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனார். அஞ்சு ஸ்பீக்கர், ஒரு சப்-ஊஃபர், டிவிடி போடுகிற பெட்டி. இரண்டு பேருமாகப் பூந்தமல்லி பஸ்ஸில் ஏற்றினார்கள். சப்-ஊஃபரைத் தேவராஜ் மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டார். "இதுக்கும் டிக்கெட் எடுக்கணும்" என்றார் கண்டக்டர். "மடியில குந்திக்கினு வர்றதுக்கு டிக்கெட் கெடையாதுங்க" என்று தங்கவேல் வாதாடி, வேலப்பன்சாவடி வரைக்கும் பஸ்ஸே சிரித்துக்கொண்டு வந்தது.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் தேவராஜ் வீட்டில் படம். தெருவில் ஆறு வீட்டுக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுப் பாயோடு வந்துவிடுவார்கள். ஹெலிகாப்டர் பின்பக்கத்திலிருந்து தலைக்கு மேலே பறந்துபோகும். குழந்தைகள் எல்லாம் திரும்பி ஜன்னலைப் பார்க்கும். ஒருநாள் படத்தில் மழை பெய்தது. பின்னாலிருந்து சோவென்று சத்தம் வந்ததும் எதிர்வீட்டுக் கமலம், "ஐயோ, துணி காயுது!" என்று எழுந்து வாசலுக்கு ஓடினாள். வெளியே பளீரென்று வெயில். வெறுங்கையோடு திரும்பி வந்தவளைப் பார்த்து ஹாலே உருண்டது. அந்தச் சிரிப்பில் அரை மணி நேரப் படம் போய்விட்டது. யாரும் திருப்பிப் போடச் சொல்லவில்லை.

2015 வெள்ளத்தில் கூவம் தண்ணீர் ஹாலுக்குள் வந்தபோது, தேவராஜ் முதலில் பரண்மேல் ஏற்றியது சப்-ஊஃபரை. அப்புறம்தான் அரிசி மூட்டை. தாயம்மா அதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

மகள் யுவராணிக்கு அம்பத்தூரில் ஐடி வேலை. புது டிவி வாங்கியவளும் அவள்தான். பெட்டி ஊமையாகிப் போனதில் அப்பா இரண்டு நாளாய்ச் சரியாகச் சாப்பிடவில்லை என்பதைக் கவனித்துவிட்டு, "நைனா, கவலப்படாதே. டிவிக்குக் கீழ வெக்கிற நீட்டு ஸ்பீக்கர் குழாய் வேணாம். உனக்கு முன்னாடி, பின்னாடி எல்லாம் வெச்சி முழுசாவே மாத்திடலாம்" என்றாள்.

பூந்தமல்லியில் கடை வைத்திருக்கும் முகமது இஸ்மாயில் ஒரு சனிக்கிழமை காலையில் வந்தார். நாற்பது வயதுக்காரர், நிதானமான ஆள். பழைய ஸ்பீக்கர் ஒன்றைக் கழற்றி, பின்பக்கம் எழுதியிருந்ததை மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"பழசை வெச்சிக்கினே பொட்டிய மட்டும் மாத்த முடியாதா, பாய்?" என்று கேட்டார் தேவராஜ்.

"முடியும்ண்ணே, ஆனா சரிப்படாது. இது அந்தப் பொட்டிக்குன்னே செஞ்சது. புதுப் பொட்டில மாட்டினா அது சூடாயிடும். சத்தத்தைக் கூட்டினீங்கன்னா பட்டுனு ஆஃப் ஆயிடும். ஒயர் மட்டும் நல்ல ஒயரா போட்டிருக்கீங்க, அதை வெச்சிக்கலாம்."

ஒயராவது தப்பித்ததே என்று தேவராஜ் ஆறுதல் பட்டுக்கொண்டார். அதைச் சுவரோரம் ஆணியடித்து இழுத்தவர் அவர்தான்.

மத்தியானத்துக்குள் புது ஸ்பீக்கர்கள் ஏறிவிட்டன. இஸ்மாயில் ஒரு சின்ன மைக்கை எடுத்து, தேவராஜ் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் காது உயரத்துக்கு நிறுத்தினார். "இப்ப யாரும் பேசாதீங்க. எந்தப் பக்கத்துலேர்ந்து எவ்ளோ சத்தம் வருதுன்னு இது தானே அளந்துக்கும்" என்றார். ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் விசில் மாதிரி ஒரு சத்தம் கிளம்பி அடங்கியது. டிவியில் எல்லாம் சரி என்று காட்டிற்று.

"உக்காந்து கேளுங்கண்ணே." மைக்கை எடுத்துவிட்டு, 'ஷ்ஷ்ஷ்' என்ற இரைச்சல் அறையைச் சுற்றி வரும்படி வைத்தார்.

முன்னால் வந்தது. வலது பக்கம் வந்தது. பின்னால் வலப்பக்கம் வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. தேவராஜ் காத்திருந்தார். மறுபடியும் முன்னால் வந்துவிட்டது.

"பின்னாடி லெஃப்ட் ஓடலியே, பாய்."

இஸ்மாயில் ஸ்டூலில் ஏறிக் காதை வைத்துப் பார்த்தார். "ஓடுதேண்ணே."

"கொஞ்சம் ஏத்து."

மூன்று புள்ளி ஏற்றினார். "இன்னும்." ஐந்து. "இன்னும் கொஞ்சம்." எட்டுக்குப் போனதும் தேவராஜ் முகம் மலர்ந்தது. "ஆங், இப்ப கீது பாரு, கரெக்ட்டு!"

பக்கத்தில் நின்ற யுவராணி இடது காதைப் பொத்திக்கொண்டாள். இஸ்மாயில் ரிமோட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போதுதான் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றிருந்த தாயம்மா சாதாரணமாகச் சொன்னாள்:

"அவுருக்கு அந்தப் பக்கம் அப்டி வெச்சாத்தான் பாய் கேக்கும். எடது காதுதான் அவுருக்கு மந்தமாச்சே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். யுவராணி அப்பாவைப் பார்த்தாள். தேவராஜ் யாரையும் பார்க்கவில்லை. எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

தெருமுனை டீக்கடைக்குப் போகும்வரை அவருக்குக் காது சூடாக இருந்தது. எத்தனை வருஷமாக மறைத்த விஷயம்! கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு தரம் காது பரிசோதனை நடக்கும். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். இடது காதுக்குச் சரியாகக் கேட்காது என்று தெரிந்தபோது அவருக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. காது போனவனைப் பிரஸ்ஸிலிருந்து எடுத்துக் கூட்டிப் பெருக்குகிற வேலைக்குப் போட்டுவிடுவார்கள் என்று ஷெட்டில் பேசிக்கொள்வார்கள். கூண்டுக் கண்ணாடியில், வெளியே சத்தம் வைக்கிற ஆளின் கை மங்கலாகத் தெரியும். அவர் விரல் அசைந்தால் தேவராஜ் பட்டனை அழுத்துவார். வருஷா வருஷம் அப்படியே பாஸானார். வீட்டில்கூட மூச்சு விடவில்லை. ஹோம் தியேட்டர் வாங்கிய முதல் நாளே ரிமோட்டை எடுத்து இடது பக்கத்தை ஆறு புள்ளி ஏற்றி வைத்தவர், அதை யாரையும் தொடவிட்டதில்லை.

டீக்கடையில் தங்கவேல் இருந்தார். தேவராஜ் சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"மச்சான், ஒண்ணு கேக்குறேன், நெஜத்த சொல்லு. அப்பல்லாம் நம்ம ஊட்ல படம் பாப்பியே, எடது பக்கம் சத்தம் ஜாஸ்தியா இருக்குமா?"

தங்கவேல் டீயை மேஜைமேல் வைத்தார். "ஜாஸ்தியாவா? காது கிழிஞ்சிபூடும்பா! லேட்டா வர்றவன்தான் அந்த மூலைல குந்தணும்னு எங்களுக்குள்ள ஒரு சட்டமே இருந்திச்சி. அதுக்காவே நான் சோத்த அள்ளி வாயில போட்டுக்கினு மொதல்ல ஓடியாருவேன்."

"ஏன்டா ஒருத்தனும் சொல்லல?"

"ஓசில படம் காட்றவன்கிட்ட போயி கொற சொல்லுவாங்களா?" என்று சிரித்தவர், தேவராஜின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "அது இல்ல மச்சான். நீ ஒருத்தன் சேர்ல குந்திக்கினு, கண்ண மூடிக்கினு கேட்டுக்கினு இருப்பே. அதப் பாத்தா யாருக்குய்யா சொல்ல மனசு வரும்?"

தேவராஜ் ஒரு டீ சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். ஆறு வீடு. அத்தனை ஞாயிற்றுக்கிழமை. எல்லோரையும் ஏமாற்றிவிட்டோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம், எல்லோருமாய்ச் சேர்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். வெட்கமாக இருந்தது. அதோடு, வெட்கத்துக்குக் கீழே, அந்தப் பாய்களும் குழந்தைகளும் கமலத்தின் ஓட்டமும் முன்னைவிட நெருக்கமாக வந்து உட்கார்ந்துகொண்டன. கமலம் இப்போது மகளோடு அயனம்பாக்கத்தில் இருக்கிறாள். தெருவில் தங்கவேல் வீடும் இவர் வீடும்தான் பழைய ஆட்களோடு மிச்சம்.

வீட்டுக்குத் திரும்பினபோது இஸ்மாயில், கூப்பிடும்போது வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். தாயம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தேவராஜ் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"உனுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

அவள் கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "யுவராணி கைக்கொழந்தையா இருக்கசொல்லோ. நீ சோத்தாங்கைப் பக்கம் ஒருக்களிச்சிப் படுத்தா, புள்ள கத்திக்கத்தி அழுவும், அசையமாட்டே. பீச்சாங்கைப் பக்கம் படுத்தேன்னா, இருமினாக்கூட எந்திரிப்பே. ஒரு வாரம் பாத்தேன். புரிஞ்சிபோச்சி."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா நீ சொல்லணும். சொன்னா நான் எங்கம்மாகிட்ட சொல்லுவேன், அது தெருவுக்குப் போவும், தெருவுலேர்ந்து உன் கம்பெனிக்குப் போவும். நீதான் பயந்துக்கினு மறைக்கிறியே, மறைச்சிக்கட்டும்னு வுட்டேன். என்னால ஆனது, உனுக்குச் சோத்தாங்கைப் பக்கமா நின்னே பேசினேன்." இப்போதுதான் நிமிர்ந்தாள். "இன்னிக்கு வாய் தவறிடுச்சிய்யா. புள்ள எதிர்ல, வந்தவன் எதிர்ல. தப்புதான்."

தேவராஜ் ஒரு கொத்துக் கீரையை எடுத்து அவரும் ஆய ஆரம்பித்தார். தாயம்மா எந்தக் காலத்திலும் தன் இடதுபக்கம் நின்று பேசியதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது. கோயிலுக்கு நடந்து போகும்போது, பஸ்ஸில் உட்காரும்போது, சாப்பாடு போடும்போது. இருபத்தெட்டு வருஷம். கண் கலங்கியதைக் கீரைப்பூச்சி பட்டதுபோல் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

யுவராணி சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, பூந்தமல்லியில் ஒரு காது டாக்டரிடம் அவரைக் கூட்டிப்போனாள். அங்கேயும் கண்ணாடிக் கூண்டு, கையில் பட்டன். உள்ளே போவதற்கு முன் தேவராஜ் அங்கிருந்த பெண்ணிடம், "என்னை அந்தப் பக்கம் பாத்து குந்தவைம்மா" என்று சுவரைக் காட்டிச் சொன்னார். வாழ்க்கையில் முதல்முறையாக, கேட்டபோது மட்டும் அழுத்தினார். இடது காதுக்கு வெகுநேரம் அழுத்தவே இல்லை.

மொத்தமும் போய்விடவில்லை, காதில் மிஷின் வைத்தால் ஓரளவு கேட்கும் என்றார் டாக்டர். பத்து நாள் கழித்து அது வந்தது. முதல் இரண்டு நாள் தேவராஜ் படாதபாடு பட்டார். பாத்திரம் கழுவினால் இடி மாதிரி இருந்தது. தாயம்மா வளையல் ஓயாமல் பேசியது. "இத்தன சத்தத்துலயா நீங்கல்லாம் குடித்தனம் பண்ணிக்கினு கீறீங்க?" என்று கேட்டு யுவராணியைச் சிரிக்க வைத்தார். அரை மணி நேரம் போட்டு, கழற்றி வைத்து, மறுபடி போட்டு, மெல்லப் பழகினார்.

இஸ்மாயில் மறுபடி வந்து எல்லா ஸ்பீக்கரையும் மைக் சொன்ன அளவுக்கே வைத்தார். பழைய செட்டைத் தங்கவேல் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் வீட்டுப் பழைய டிவியில் சிவப்பு, வெள்ளை ஓட்டைகள் இன்னும் இருந்தன. தேவராஜ் தூக்கிக்கொண்டுபோய் அவரே மாட்டிக்கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாயம்மா அயனம்பாக்கத்துக்கு போன் போட்டுக் கமலத்தையும் வரச்சொன்னாள். முழங்கால் வலியோடு ஆட்டோவில் வந்து இறங்கியவள், புது ஸ்பீக்கர்களைப் பார்த்துவிட்டு, "இன்னாது, இவ்ளோண்டு கீது?" என்று மூக்கில் விரல் வைத்தாள். யுவராணி படம் போட்டாள். தாயம்மா பஜ்ஜி கொண்டுவந்து வைத்துவிட்டு, காலியாயிருந்த இடத்தில் உட்கார்ந்தாள். அது தேவராஜின் இடதுபக்கம்.

படம் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அவள் குனிந்து ஏதோ மெதுவாகச் சொன்னாள்.

"கேட்டுச்சி" என்றார் தேவராஜ். "உப்பு சரியாத்தான் கீது. பேசாம படத்தப் பாரு."