மாமா ஓட்ட, அத்தை ஏறிய வண்டி

மாமா இருபத்தாறு வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவர். டிப்போவில் அவருக்குப் பட்டப்பெயர் 'தொட்டில்'. நின்றபடி வருகிறவர் கையிலிருக்கும் காபிகூடத் தளும்பாமல் பிரேக் பிடிப்பாராம். போன மாதம் கண் பரிசோதனையில் இடது கண் தேறவில்லை. திங்கட்கிழமை முதல் டிப்போ அலுவலகத்தில் மேசை வேலை. அதைச் சொல்லிவிட்டுத்தான், அதில் சேருமுன் பத்து நாள் லீவு கொடுத்தார்கள். ஏரிக்கரையில் ஒரு அறை எடுத்து அத்தையையும் என்னையும் கூட்டி வந்தார்.

முதல் நாள் சாப்பிடும்போது அத்தை பேச்சுவாக்கில்தான் சொன்னாள்: "இத்தனை வருஷத்துல உங்க பஸ்ல ஒரு தடவைகூட நான் ஏறினதில்ல, தெரியுமா?"

அவர் ஓட்டியது தொழிற்பேட்டைப் பக்கம். அத்தைக்கு அங்கே ஒரு வேலையும் இருந்ததில்லை. மாமா கை கழுவிவிட்டு வந்து ஜன்னல் வழியாக எதிர்க்கரையைக் காட்டினார்.

"கிளம்பறதுக்குள்ள உன்னை அங்க கொண்டுபோய் இறக்கறேன். நானே ஓட்டி."

எட்டு நாள் முயன்றார். துடுப்புப் படகில், போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். மாமாவால் அது மட்டும் முடியவில்லை. "ரோட்டைப் பார்க்காம வண்டி ஓட்டறவன் மனுஷனா?" என்று முன்பக்கம் திரும்பி உட்கார்ந்து துடுப்பைத் தள்ளுவார். தள்ளினால் வலு வருமா? படகு இருந்த இடத்திலேயே சுற்றிவிட்டு நாணலுக்குள் போய்ச் சொருகிக்கொள்ளும். படகு வாடகைக்கு விடும் அம்மாள் நீளக் கழியோடு வந்து இழுத்துவிடுவாள். "அண்ணே, இந்த நாணல்ல உங்களுக்கு ஸ்டாப்பிங் ஏதும் இருக்கா?" என்று ஐந்தாம் நாள் கேட்டேவிட்டாள்.

கடைசி நாள். இரண்டு மணிக்கு ஊருக்குப் பேருந்து. அத்தை விடிந்ததுமே பெட்டியைக் கட்டி முடித்திருந்தாள்.

"விடுங்க. நீங்க சொன்னதே போதும்."

"எனக்குப் போதாது," என்று மாமா படகுத்துறைக்கு இறங்கினார்.

அன்று முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தார். ஆனால் கழுத்து கேட்கவில்லை. நாலு இழுப்புக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். திரும்பும்போதெல்லாம் படகு கோணிக்கொண்டது. அவருக்கு எதிரே பின்பலகையில் இருந்த அத்தை பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"என் மூஞ்சியைப் பாருங்க. வழி நான் சொல்றேன்."

"நீயா?"

"பின்ன, முன்னாடி உட்கார்ந்திருக்கானே, உங்க மருமகன், அவனா? அவன் வாயைத் திறக்கறதுக்குள்ள ஏரியே வத்திடும்."

கொஞ்ச தூரம் சரியாகப் போனது. பிறகு அத்தை, "இடது பக்கம் திருப்புங்க!" என்றாள். மாமா தன் இடது பக்கம் திருப்பினார். படகு நேராகப் பாறையைப் பார்த்துப் போனது.

"இடதுன்னா இடது!"

"இது இடது இல்லாம என்ன?"

"அது உங்க இடது!"

"ஓட்டறவன் இடதுதான் இடது. டிப்போவுல போய்க் கேளு!"

"டிப்போவா இப்ப பாறையில மோதப் போகுது?"

நான் காலை நீட்டிப் பாறையை உதைத்துத் தள்ளினேன். அதற்குப் பிறகு அத்தை இடம் வலம் பேசவில்லை.

"வாட்ச் கையை இழுங்க. ம், போதும். இப்ப அடுத்த கை. ரெண்டும்."

மாமா அவள் முகத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அவள் புருவம் சுருங்கினால், வாய் திறப்பதற்கு முன்பே வேகத்தைக் குறைத்தார். நடு ஏரியில் எதிர்காற்று பிடித்தது. உள்ளங்கைக் கொப்புளம் உடைந்து துடுப்பின் பிடி சிவந்தது.

"திரும்பிடலாமா?"

"பாதி ரூட்ல எவனாவது திரும்புவானா? வழியைச் சொல்லு."

எதிர்க்கரையில் ஒன்றுமில்லை. பாதி உடைந்த பலகைத்துறை, நாலு மரம், அவ்வளவுதான். "மெதுவா... மெதுவா..." என்றாள் அத்தை. மாமா கடைசி இழுப்பைப் பாதியில் நிறுத்தித் துடுப்புகளை நீரில் ஊன்றினார். படகு பலகையை இடிக்கவில்லை, தொட்டது. அத்தை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி நின்றாள். மரங்களைப் பார்க்கவில்லை, மாமாவைத்தான் பார்த்தாள்.

"நல்லாத்தான் ஓட்டறீங்க."

மாமா கையை ஏரியில் நனைத்துத் துடைத்துக்கொண்டார். மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. திரும்பும்போது நான் துடுப்புப் போடட்டுமா என்று கேட்டேன். அவர் இடத்தை விட்டு அசையவில்லை.

"ஷிஃப்ட் இன்னும் முடியலடா. அவ ஏறட்டும்."