பெரியப்பா அமைச்சரைத் தரைதட்ட வைத்த நாள்

என் அன்புப் பிள்ளைகளே, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களே! எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெரியப்பாவைப் பற்றி ஆரம்பித்தால் எனக்குக் கை ஓடுவதில்லை, வாய்தான் ஓடுகிறது.

பட்டினச்சேரியில் பிறந்து, மீன் ஏலம் கூவிய குரலோடு கட்சி மேடை ஏறியவர் அவர். இரண்டு தடவை தோற்று, மூன்றாம் தடவை ஜெயித்து, சட்டசபையில் எதிர்க்கட்சித் தலைவராகவே உட்கார்ந்தார். ஊரே பட்டாசு வெடித்தது! அவர் மனசெல்லாம் நம் ஆற்று முகத்துவாரத்தில்தான் இருந்தது. சுனாமிக்குப் பிறகு அங்கே மணல் மேடிட்டுக் கிடந்தது. தண்ணீர் வற்றிய நேரத்தில் திரும்பும் படகுகள் மணலில் மாட்டி, அலை அடித்துக் கவிழும். உங்கள் தாய்மாமனை அங்கேதான் பறிகொடுத்தோம். மழைக்காலத்துக்குள் தூர் வாராவிட்டால் இன்னும் யார் யாரோ என்று ஊர் பயந்து கிடந்தது.

பெரியப்பா சட்டசபையில் விடாமல் கேட்டதில், துறை அமைச்சர் நேரில் பார்க்க வந்தார். வந்ததோ தண்ணீர் ஏறி நிற்கும் காலை நேரம்! முகத்துவாரம் நிறைந்து கிடக்கிறது. "எங்கேய்யா மணல்?" என்று கேட்டுவிட்டு அவர் காரில் ஏறிவிட்டால் முடிந்தது கதை.

பெரியப்பா என் காதில், "தம்பி, தண்ணி வத்துற வரைக்கும் மந்திரிய எந்திரிக்க விடாத. பொன்னாடை போடு" என்றார்.

போட்டோம் பாருங்கள்! ஊர்ப் பஞ்சாயத்தார், மகளிர் குழு, ஐஸ் வியாபாரி, சால்வை கொண்டுவந்த திருமலைராயன்பட்டினத்து ஜவுளிக்கடை பாய் என்று ஒவ்வொருவராக. விஷயம் தெரியாத நம் இளைஞரணிச் செயலாளர் பல்லைக் கடித்தார்.

"அண்ணே, நீங்க எதிர்க்கட்சித் தலைவரு. அவருக்குக் கல்யாணமா பண்ணி வைக்கிறீங்க?"

"நீயும் ஒன்னு போட்டுட்டு வாடா" என்றார் பெரியப்பா.

சால்வை தீர்ந்துபோனது. போட்டதையே பின்பக்கமாக எடுத்து மறுபடி வரிசைக்குக் கொடுத்தேன்.

"இந்தப் பச்சைய முன்னாடியே பார்த்த மாதிரி இருக்கே?" என்றார் அமைச்சர்.

பாய் அசரவில்லை. "நம்ம கடையில எல்லாமே பச்சைதாங்க!"

உச்சி வெயிலில் தண்ணீர் இறங்கியது. "வாங்க, படகுல ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்று பெரியப்பா அவரை ஏற்றினார். முகத்துவாரத்தில் படகு கிறீச்சென்று மணலில் ஏறி நின்றது! அமைச்சரும் வேட்டியை மடித்துக் கட்டி, எங்களோடு இறங்கித் தள்ளினார். அலை ஒன்று வந்து படகைச் சாய்த்தபோது அவர் முகம் வெளுத்துவிட்டது.

"இதுலயா தினமும் வர்றீங்க?"

"வந்தவங்க வந்தோம். வராதவங்களும் இருக்காங்க" என்றார் பெரியப்பா.

அமைச்சர் ஈர வேட்டியோடு கரையிலேயே அதிகாரிகளைக் கூப்பிட்டு உத்தரவு போட்டார். காரில் ஏறும்போது, "சால்வை விளையாட்டு எனக்குப் புரியலன்னு நினைக்காதீங்க" என்று சிரித்தார். மழைக்கு முன்னே இயந்திரம் வந்து மணலை அள்ளியது.

அடுத்த தேர்தலில், ஆளுங்கட்சிக்கு மாலை போட்டவர் என்று பேசியே பெரியப்பாவைத் தோற்கடித்தார்கள். "ஓட்டுதானே, அடுத்த தடவ கேட்டுக்கலாம்" என்று அன்று மாலையே டீக்கடைக்குப் போய்விட்டார். அடுத்த தடவைக்குள் சர்க்கரை நோய் முந்திக்கொண்டது.

அவர் போய் ஓராண்டு ஆகிறது. மருத்துவமனையில் மாறி மாறிக் கண்விழித்தவர்களுக்கும், ரத்தம் கொடுத்த திருமலைராயன்பட்டினத்துப் பிள்ளைகளுக்கும், கடலுக்குப் போகாமல் கூட நின்ற ஊராருக்கும், இறுதி ஊர்வலத்தில் கடைசிவரை எங்களோடு நடந்து வந்த அந்த அமைச்சருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

அன்று அவர் அஸ்தியோடு படகு புறப்பட்டபோது தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. முகத்துவாரம் வந்ததும் பழக்கத்தில் எல்லோரும் படகின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டோம். படகு எங்கும் தட்டாமல் கடலுக்குள் போய்விட்டது.