பரீட்சை ஹாலில் நாங்கள் மாவாட்டிய கதை

இன்று காலை மதினிக்கு வீடியோ கால் போட்டேன்.

ஒரே ஒரு கேள்வி கேட்கத்தான். அது என்னவென்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு பழைய கதை இருக்கிறது, கேளுங்கள்.

மதினி என் அண்ணன் மனைவி, கேரள எல்லையை ஒட்டின செங்கோட்டைக்காரி. என்னைவிட ஒரு வயதுதான் மூப்பு, அதனால் எங்களுக்குள் 'வா, போ' தான். அறுபதுகளின் தொடக்கத்தில் இரண்டு பேருமே எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷில் கோட்டை விட்டிருந்தோம். (குடும்ப ஒற்றுமை!)

டீச்சர் ட்ரெயினிங்கில் சேர அந்தப் பாஸ் வேண்டும். அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்.

"இந்த மறுபரீட்சைதான் கடைசி. அதுலயும் போச்சுன்னா ரெண்டு பேரும் புஸ்தகத்தைக் கட்டிப் பரண்ல போட்டுருங்க."

எங்களைக் கவிழ்த்தது ஒரே மாதிரி எழுத்து வரும் வார்த்தைகள். 'டெஸர்ட்'டில் ஒரு எஸ் போட்டால் பாலைவனமாம், இரண்டு எஸ் போட்டால் சாப்பாட்டுக்குப் பின் தின்கிற இனிப்பாம். யார் உட்கார்ந்து யோசித்தார்களோ தெரியவில்லை, எனக்கு ஆத்திரமாக வரும்.

உட்கார்ந்து படிக்க நேரமும் இல்லை. எங்கள் வீடு குற்றாலத்தில். சாரல் விழுந்துவிட்டால் மாடியைச் சீசன்காரர்களுக்கு விட்டுவிடுவோம். அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்களுக்கு வருகிற பசி இருக்கிறதே! தினமும் மாவாட்டியே கை கழன்றுவிடும்.

மதினிதான் வழி கண்டுபிடித்தாள்.

"ஏட்டி, கைக்குத்தானே வேலை? வாய் சும்மாதானே கிடக்கு?"

ஒருத்தி குழவியைச் சுற்றுவாள், ஒருத்தி மாவைத் தள்ளிவிடுவாள். தள்ளுகிறவள் வார்த்தையைக் கேட்க வேண்டும். குழவி ஒரு சுற்று வருவதற்குள் சுற்றுகிறவள் அர்த்தம் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த ஈடு மாவும் அவள்தான் ஆட்ட வேண்டும். அந்தப் பயத்திலேயே எல்லாம் மண்டையில் ஏறியது. சீசன் முடிவதற்குள் ஒரு ஜோடி பாக்கியில்லை.

பரீட்சை தென்காசியில் நடந்தது. பேப்பரைப் பார்த்ததும் எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. எல்லாம் நாங்கள் ஆட்டின வார்த்தைகள்.

ஆனால் ஒன்றுக்கும் அர்த்தம் வரவில்லை. பேனாவைக் கீழே வைத்தேன். என் வலது கை தன் பாட்டுக்கு மடியில் சுற்ற ஆரம்பித்தது. ஒரு சுற்றுக்கு ஒரு அர்த்தம் வந்து விழுந்தது.

முன் வரிசையில் பார்க்கிறேன், மதினியின் கையும் சுற்றுகிறது.

நான் பார்த்ததை சூப்பர்வைசரும் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, ரெண்டு பேரும் என்ன ஜாடை காட்டுதிய? கையை மேசை மேல வைங்க. இன்னொரு தடவை சுத்துச்சு, பேப்பரை வாங்கிருவேன்."

கையை வைத்தேன். அர்த்தமும் நின்றுவிட்டது. பரணும் அப்பாவும்தான் கண்ணில் தெரிந்தார்கள். அழுகை வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் மதினியின் கை மறுபடி சுற்றியது. பாவம், அவள் வேண்டுமென்று செய்யவில்லை. சூப்பர்வைசர் அவளை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே என்ன பேசினார்களோ, எனக்குக் கேட்கவில்லை. அவர் மட்டும் திரும்பி வந்து நேராக என் முன்னால் நின்றார்.

"உண்மையைச் சொல்லு. கை எதுக்குச் சுத்துது?"

"மாவாட்டுதேன் சார்."

ஹாலே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"அவளும் அதைத்தான் சொல்லுதா. 'மாவாட்டுதேன் சாரே'ன்னு."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மதினியின் நாற்காலியை வராந்தாவில் போடச் சொன்னார்.

"அவ அங்கன ஆட்டட்டும், நீ இங்கன ஆட்டு. ஒருத்தரை ஒருத்தர் பாக்கக்கூடாது."

ஆட்டினோம். இரண்டு பேரும் பாஸ், இரண்டு பேரும் டீச்சர். அந்த மனிதர் எங்கிருந்தாலும் அவருக்குக் கோடி நன்றி.

இப்போது இன்று காலைக்கு வருகிறேன். வீட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று ஒரு சந்தேகம் வந்து மதினியைக் கூப்பிட்டேன்.

"மதினி, ஸ்டேஷனரியில 'ஈ' போட்டா பேனா, பேப்பர். 'ஏ' போட்டா என்னது?"

அவள் முகம் திரையிலிருந்து காணாமல் போனது. ஃபேன் தெரிந்தது, சுவர் தெரிந்தது, தரை தெரிந்தது, மறுபடியும் ஃபேன். போன் இருந்தது அவளுடைய வலது கையில்.

ஒரு சுற்று முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

"அசையாம ஒரே இடத்துல நிக்கது."