எடையைக் கேட்காதே, உட்காரச் சொல்

கோரிப்பாளையத்தில் இருபத்திரண்டு வருடம் பைக்குகளுக்கு ஷாக் அப்சார்பர் பார்த்தவன் நான். அந்த வேலையை விட்டுவிட்டு, திருநகர் தாண்டி குமரேசன் தொடங்கிய ஏ.டி.வி. பார்க்கில் மெக்கானிக்காகச் சேர்ந்தேன். ஏ.டி.வி. என்றால் நான்கு தடித்த சக்கரமும் பைக் ஹேண்டில்பாரும் உள்ள வண்டி. மேடு பள்ளத்தில் ஓட்டுவதற்கென்றே செய்தது. அதுவரை நான் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. அதை யாரிடமும் சொல்லவும் இல்லை.

திறப்பு விழாவுக்கு முதல் நாள். மதுரையில் பைக் கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் நல்லா டைட்டா வைக்கத்தான் சொல்வார்கள். மூன்று பேர் ஏறுவார்கள், நடுவில் அரிசி மூட்டை வேறு இருக்கும். அந்தப் பழக்கத்தில் நான்கு வண்டியிலும் ஸ்பிரிங்கைக் கடைசிப் படி, அதாவது கடைசி நாட்ச் வரை இறுக்கிவிட்டு, கெத்தாகக் கையைத் துடைத்துக்கொண்டேன்.

மதியம் குமரேசனின் அக்கா பாண்டியம்மாள் சோழவந்தானிலிருந்து வந்து இறங்கினார். வெற்றிலைக் கொடிக்கால் நடத்துகிறவர். பார்க் இருக்கும் நிலம் அவருடையது. தானே ஓட்டிப் பார்த்துப் பிடித்தால்தான் நிலத்தைத் தருவேன், இல்லையென்றால் முருங்கை போடுவேன் என்று தம்பியிடம் சொல்லியிருந்தாராம். குமரேசன் இதை என்னிடம் சொன்னதே அக்கா வண்டியில் ஏறிய பிறகுதான்.

டிராக்டர் ஓட்டிய கை, நன்றாகவே ஓட்டினார். முதல் மேட்டில் வண்டி கீழே வந்துவிட்டது, அக்கா இன்னும் மேலேயே இருந்தார். அடுத்த மேட்டில் கொண்டை அவிழ்ந்தது. திரும்பி வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"இதுக்கு மாட்டு வண்டியே தேவலாம். குமரேசா, முருங்கக் கன்னுக்குச் சொல்லிரவா?"

பழைய பட்டறையில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. அரை மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு மேனுவலைப் புரட்டினேன். ஓட்டுகிறவரின் எடைக்குத் தகுந்தபடி ஸ்பிரிங்கை வைக்க வேண்டும் என்று இருந்தது. நானும் யோசிக்காமல், "அக்கா, நீங்க எம்புட்டு வெயிட் இருப்பீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

சுற்றி நின்றவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஐம்பத்தைந்து கிலோ என்றார். குமரேசன் சட்டென்று வானத்தைப் பார்க்க ஆரம்பித்தார். நான் நம்பினேன். ஐம்பத்தைந்துக்குத் தகுந்தபடி தளர்த்தினேன். இந்த முறை முதல் பள்ளத்திலேயே வண்டியின் அடிப்பக்கம் தரையில் டங்கென்று இடித்தது. அக்கா இறங்கி போனை எடுத்து நர்சரிக்காரர் நம்பரைத் தேடினார்.

மேனுவலின் அடுத்த பக்கத்தைத் திருப்பியபோதுதான் புத்தி வந்தது. "அக்கா, எடையெல்லாம் வேணாம். ஒரே ஒரு தடவ ஏறிச் சும்மா உக்காருங்க" என்று கெஞ்சினேன். பின் கேரியருக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை டேப் வைத்து அளந்தேன். ஆள் இல்லாமல் ஒரு முறை, அக்கா உட்கார்ந்த பிறகு ஒரு முறை. மெத்தென்று நிறையவே இறங்கியிருந்தது. ஸ்பிரிங்கைத் திருகும் சி ஸ்பேனரால் மூன்று நாட்ச் இறுக்கினேன்.

ஒரு ரவுண்டு என்று சொல்லித்தான் அனுப்பினோம். மூன்றாகியும் அக்கா நிற்கவில்லை. மேட்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் சிரிப்புச் சத்தம் கேட்டது. போதும் போதும் என்று பின்னாலேயே ஓடிய குமரேசன் மேல் புழுதியை வாரி அடித்துவிட்டுப் போனார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஐம்பது வயது ஆள், டயர் அடுக்கின் மேல் ஏறி நின்று விசிலடித்தேன்.

பெட்ரோல் தீர்ந்துதான் வண்டி நின்றது.

"நெலத்த வச்சுக்கடா குமரேசா. ஆனா நாளைக்கு மொத ஆளு நாந்தேன். ரிப்பன் வெட்டுறவரு பின்னாடி வரட்டும்."

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். யாரிடமும் எடையைக் கேட்காதீர்கள், குறைத்துத்தான் சொல்வார்கள். உட்காரச் சொல்லி அளந்துகொள்ளுங்கள். பாண்டியம்மாள் அக்காவின் எடை இன்றுவரை எனக்குத் தெரியாது. மூன்று நாட்ச் என்பது மட்டும் தெரியும், அதையும் வெளியே சொல்வதில்லை.