தெருவாரியாக அடுக்கிய அறை

ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் ஒருத்தருமில்லை. 'பாதி டிக்கெட்' என்றால்தான் தெரியும். சினிமா தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிக்கிற வேலை. பாதியைக் கிழித்து ஆள் கையில் கொடுத்துவிட்டு, மீதிப் பாதியைத் தகரப் பெட்டியில் போடவேண்டும். ஆட்டமெல்லாம் முடிந்ததும் பெட்டியைக் கொட்டிக் கொளுத்திவிடுவார்கள். கொளுத்துவதற்கு முன்னால் அதில் ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். அப்படி ஆரம்பித்த கிறுக்குதான். கிறுக்கு என்பது அவர் மனைவி வைத்த பெயர், பாவம், அவளுக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்?

சினிமா டிக்கெட்டோடு நின்றிருந்தால் தேவலையே! பஸ் டிக்கெட், சலவைக்கடைச் சீட்டு, டாக்டர் வீட்டு டோக்கன், மருந்துக்கடைக் கவர், புதுக்கடை திறப்பு நோட்டீஸ், நாயைக் காணவில்லை என்கிற நோட்டீஸ் எல்லாம் வீட்டுக்கு வந்தன. மனுஷர் தெருவில் நடந்தால் எதிரே வருகிற ஆளைப் பார்க்கமாட்டார், கண் தரையிலேயே மேயும். சொந்தச் சம்பந்தி எதிரில் வந்து நின்றபோதுகூட, அவர் செருப்புக்கடியில் கிடந்த பேக்கரி பில்லைத்தான் முதலில் பார்த்தார் என்று ஒரு பேச்சு உண்டு.

சும்மா சொல்லக்கூடாது, அடுக்கி வைத்திருந்த அழகைப் பார்க்கவேண்டும். தெருவுக்கு ஒரு அட்டைப் பெட்டி, ஜவுளிக்கடையில் சட்டை வைத்துத் தருவது. பெட்டிக்குள் இடது சாரியில் முதல் கடையில் தொடங்கி வரிசையாகப் போய், கடைசியில் திரும்பி வலது சாரியில் வரும். ஒரு கடை மூடி இன்னொரு கடை வந்தால் புதுசு மேலே, பழசு அடியில். ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனால் அந்தத் தெரு பின்னோக்கி நடக்கும். காகிதத்தில் பேனா படக்கூடாது என்று ஒன்றிலும் அவர் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. எது எந்த இடம் என்பதற்கு அடுக்கு ஒன்றுதான் சாட்சி. அது கலைந்தால் குப்பை. அது அவருக்குத் தெரியும், அதனால்தான் உள்ரூமுக்குள் யாரையும் விடமாட்டார்.

"ஊர்ல இருக்கிற அத்தனை கடைக்கும் நம்ம வீட்ல இடம் இருக்கு. எனக்குத்தான் கால் நீட்ட இடமில்லை" என்பாள் மனைவி.

அவர் வேலையிலிருந்து நின்ற பிறகு, நகராட்சிக்காரர்கள் புதுக் கட்டடத்தில் ஊர்ச் சரித்திரத்துக்கென்று ஒரு அறை ஒதுக்கப்போவதாகப் பேச்சு வந்தது. மேலாளர் நேரிலேயே வந்து பெட்டிகளைப் பார்த்துவிட்டு, "ஐயா, இது பொக்கிஷம் ஐயா. வண்டி அனுப்புறோம். அதுவரைக்கும் எதையும் கலைச்சிடாதீங்க" என்றார். ஆயுசு முழுக்க 'யோவ்' என்று கூப்பிடப்பட்ட மனுஷர். 'ஐயா' என்ற அந்த ஒரு வார்த்தையில் தலைகால் புரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மகள் வந்து நின்றாள். ஒரு கையைப் பிடித்தபடி குழந்தை, மறு கையில் பை. உதடு வீங்கியிருந்தது.

"மாப்பிள்ளையா?" என்று கேட்டார்.

தலையை ஆட்டினாள். "இனிமே அங்க போகமாட்டேன்பா."

"எதுக்குப் போகணும்? இது உன் வீடு" என்றார். மனசாரத்தான் சொன்னார், அதில் குறை சொல்ல முடியாது. படுக்கிற நேரம் வந்தபோதுதான் சங்கடம். முன்ரூம், சமையலறை, உள்ரூம், அவ்வளவுதான் வீடு. முன்ரூமில் கிழவனும் கிழவியும் படுக்கவே இடம் பற்றாது.

"உள்ரூமை ஒழிச்சுத் தாங்கப்பா. பெட்டியெல்லாம் பரண் மேல ஏத்திடலாம்."

"ஏத்தி இறக்கினா அடுக்கு கலைஞ்சிடும்மா. வண்டி வந்துடும், கொஞ்ச நாள் பொறு."

பொறுத்தாள். தாயும் பிள்ளையும் சமையலறையில் சிலிண்டர் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தார்கள். அவர் நகராட்சிக்கு நடையாய் நடந்தார். மேலாளர் லீவு என்றார்கள், மீட்டிங் என்றார்கள், இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தார்கள். வீட்டுக்கு வந்தால் மனைவி பிடித்துக்கொள்வாள். "கடையெல்லாம் ஜம்முன்னு ரூம்ல தூங்குது, பெத்த பொண்ணு அடுப்படியில சுருண்டு கிடக்கா. உங்களுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா?" அவர் காதில் வாங்காதவர்போல் செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார்.

ஒருநாள் மத்தியானம் குளித்துவிட்டு வருகிறார், உள்ரூம் கதவு திறந்து கிடக்கிறது. குழந்தை நாலைந்து தெருக்களைத் தரையில் கொட்டி, நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. தாத்தா என்ன வேலை பார்த்தார் என்று பாட்டி சொல்லியிருப்பாள்போல. அவரைப் பார்த்ததும் ஒரு காகிதத்தை இரண்டாகக் கிழித்து, "இந்தாங்க தாத்தா, உள்ள போங்க" என்று ஒரு பாதியை நீட்டியது.

அறைந்துவிட்டார். சத்தம் அடுப்படிவரை கேட்டது.

மகள் ஓடிவந்து பிள்ளையைத் தூக்கினாள். வீரிட்ட குழந்தைக்கு மூச்சு திரும்பவே நேரமாயிற்று. இவர் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? மண்டிபோட்டுக் காகிதம் பொறுக்கிக்கொண்டிருந்தார்!

"அங்க கை நீட்டினான்னுதானேப்பா இங்க வந்தேன்" என்றாள் மகள். கத்தவில்லை.

"அதில்லம்மா... அடுக்கு..."

'தப்புதாம்மா' என்று ஒரு வார்த்தை. அது வாயில் வரவில்லை, அடுக்குதான் வந்தது. மகள் பையை எடுத்தாள். மனைவி குறுக்கே விழுந்து தடுத்தும் நிற்கவில்லை. எங்கே போவாள்? போக்கிடம் வேறு ஏது? புருஷன் வீட்டுக்கே போய்விட்டாள்.

அந்த வாரமே வண்டி வந்தது, வயிற்றெரிச்சலைக் கேளுங்கள். மாடி ஏற்றப் பெட்டியைவிடச் சாக்கு தோது என்று, வந்தவர்கள் எல்லாத் தெருவையும் மூன்று சாக்கில் கவிழ்த்தார்கள். "ஐயையோ, அடுக்கு!" என்று அவர் பதறினார். "நாங்க பார்த்துக்கிறோம் பெரியவரே" என்று தூக்கிப் போய்விட்டார்கள். திறப்பு விழாவுக்குப் போனபோது பார்த்தார்: சிவப்புக் காகிதமெல்லாம் ஒரு பலகையில், மஞ்சளெல்லாம் இன்னொரு பலகையில், பசை தடவி ஒட்டியிருந்தது. "கலர்வாரியா வெச்சா கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும்ல ஐயா?" என்றார் மேலாளர். ஜனங்கள் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தர்கூட ஒரு வரி படிக்கவில்லை.

திட்டித் தீர்ப்பார் என்று மனைவி எதிர்பார்த்தாள். அவரோ சுண்ணாம்பு கரைத்தார். உள்ரூமுக்குத் தானே வெள்ளையடித்தார், ஜன்னலுக்குத் துணி கட்டினார், முன்ரூம் கட்டிலை உள்ளே இழுத்துப் போட்டார். மறுநாள் காலையில் பஸ் ஏறினார்.

"வாங்க மாமா, உட்காருங்க" என்று மாப்பிள்ளை நாற்காலி போட்டார். மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குழந்தை அவள் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நின்றது, கூப்பிட்டும் வரவில்லை.

"ரூமை ஒழிச்சாச்சும்மா. வெள்ளையடிச்சிருக்கேன். குழந்தையைக் கூட்டிக்கிட்டு வந்துடு" என்றார். தெரு நடுவில் விழுந்து கும்பிடச் சொன்னாலும் அன்றைக்குச் செய்திருப்பார்.

மாப்பிள்ளைக்குக் கோபமே வரவில்லை. சிரித்தார். "எதுக்கு மாமா? நான் கை நீட்டுறேன்னு கோவிச்சுக்கிட்டு அங்க வந்தா. அங்க நீங்க நீட்டினீங்க. பச்சைக் குழந்தையைப் போய் அடிச்சீங்களாமே! நானாவது இதுநாள்வரைக்கும் அது மேல கை வெச்சதில்லை."

கிழவர், ஏதாவது சொல்லேன் என்பதுபோல மகளைப் பார்த்தார்.

அவள் காலி டம்ளரை எடுத்துக்கொண்டாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு. கிளம்புங்கப்பா."

மாப்பிள்ளை பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்தார், தன் கட்சி ஆளை வழியனுப்புகிற மாதிரி மாமனார் தோளில் கை போட்டுக்கொண்டு. கிழவர் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை.