இறைவனடி சேர்ந்த சின்ன மாமா

இப்போதெல்லாம் செய்திகளில் எல்லாரும் 'வருகை தருகிறார்கள்'. நான் செய்தி வாசிக்கப் பழகியது எங்கள் வீட்டு அலுமாரித் தட்டுகளில் விரித்திருந்த பழைய பத்திரிகைகளில். அவற்றில் எல்லாரும் சேர்ந்தார்கள். அமைச்சர் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தார். கோதுமைக் கப்பல் திருகோணமலைத் துறைமுகம் சேர்ந்தது. ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் இறைவனடி சேர்ந்தார். 'வந்தார்' என்பது வீட்டுக் கதை, 'சேர்ந்தார்' என்பது பேப்பர்க் கதை என்று நானே ஓர் இலக்கணம் வகுத்துக்கொண்டேன். இறைவனடி என்பது கோயிலுக்குப் பேப்பர்க்காரர் வைத்த பெயர். வேறென்னவாக இருக்க முடியும்?

ஐந்தாம் ஆண்டு படிக்கையில், பள்ளிக்கூடக் காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்கும் முறை எனக்கு வந்தது. அதற்காக ஒரு பள்ளித் தவணை முழுவதும் காத்திருந்தேன். நாட்டுச் செய்தி இரண்டை வானொலி கேட்டு எழுதிவிட்டேன். உள்ளூர்ச் செய்தி ஒன்றுதான் அகப்படவில்லை.

அன்று விடியவே சின்ன மாமா முழுகி, பட்டு வேட்டி கட்டி, கோணேசர் கோயிலுக்குப் புறப்பட்டார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற அவர், கோயிலுக்கு வந்தாலும் வாசலில் செருப்புக்குக் காவல் நிற்கிற ரகம். அவருக்குப் பெண் கேட்டு இரண்டு மாதமாகியும் பெண்ணின் வாயிலிருந்து ஓமும் வரவில்லை, இல்லையும் வரவில்லை. பெண் யாரென்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நான் கிட்டப் போனால் கதையை மாற்றினார்கள்.

"இவன் கோயிலுக்குப் போறான். இதைப் பேப்பரிலதான் போடவேணும்" என்றார் அம்மா.

எனக்கு அது போதும். தேவாரம் பாடி முடித்த சங்கீத டீச்சருக்குப் பக்கத்தில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தேன்.

"துறைமுகத்தில் பணிபுரியும் எனது சின்ன மாமா இன்று காலை இறைவனடி சேர்ந்தார். அன்னார் பட்டு வேட்டி அணிந்திருந்தார்."

பேப்பரில் பார்த்த அந்த 'அன்னாரையும்' மறக்காமல் போட்டதில் எனக்குப் பெரும் பெருமை.

சங்கீத டீச்சர் "ஐயோ!" என்றார். பிறகு சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதார். இழவு வீட்டிலிருந்தும் பிள்ளை கடமைக்கு வந்திருக்கிறதே என்று பள்ளி அதிபர் நெகிழ்ந்து, என் தலையைத் தடவி, இரண்டு நிமிட மௌனம் காக்கச் சொன்னார். என் வாசிப்புக்குத்தான் இந்த மரியாதை என்று நானும் நிமிர்ந்து நின்றேன்.

அந்த நேரம் பார்த்து, நான் மறந்துவிட்டு வந்த தண்ணீர்ப் போத்தலோடு சின்ன மாமா வாசலில் சைக்கிளை நிறுத்தினார். நெற்றி நிறையத் திருநீறு. பள்ளிக்கூடமே தலைகுனிந்து நிற்பதைக் கண்டதும் அவரும் குனிந்துகொண்டார். பிறகு மெல்லக் காவலாளியிடம் கேட்டார்.

"ஆர் செத்துப்போனது?"

"துறைமுகத்தில வேலை செய்யிற ஆரோவாம்."

"ஐயோ, அப்ப எனக்குத் தெரிஞ்ச ஆளாத்தான் இருக்கும்!"

அவருக்குக் கிரேனில் கத்திப் பழகிய குரல். டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். அழுகை பாதியில் நின்றது. முகம் சிவக்க ஆசிரியர் அறைக்குள் ஓடிவிட்டார்.

இறைவனடி சேர்வதென்றால் செத்துப்போவது என்று பள்ளிக்கூடத்திலேயே எனக்கு விளங்கப்படுத்திவிட்டார்கள். பின்னேரம் அடி நிச்சயம் என்று அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். மாமா என்னை இழுத்துக் கதிரையில் இருத்தினார்.

"டீச்சர் அழுதவவோ?"

"ஓம்."

"சும்மா கண்ணீரோ, சத்தமாவோ?"

"சத்தமா."

"இன்னொருக்காச் சொல்லு."

குற்றத்தை அளக்கிறார் என்று பயந்து, ஒவ்வொரு தடவையும் அழுகையைக் கொஞ்சம் குறைத்தேன். நாலாந்தரம் அது வெறும் தும்மல் என்றேன். மாமாவின் முகம் செத்துப்போயிற்று. அதைப் பார்க்கச் சகிக்காமல், "இல்லை மாமா, விக்கி விக்கி அழுதவ" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

உடனே என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போய், ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார். ஒன்றல்ல, இரண்டு. அடுத்த ஆவணியில் டீச்சர் எங்கள் மாமியாக வீடு வந்து சேர்ந்தார்.

அன்று நாட்டுச் செய்தி இரண்டையும் ஓர் எழுத்துப் பிழையில்லாமல் வாசித்திருந்தேன். அவற்றைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிழையாக வாசித்த ஒன்றுக்கு மட்டும் எதற்கு இரண்டு ஐஸ்கிறீம் என்று, கடற்கரையில் அதை நக்கிக்கொண்டே எவ்வளவு யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.